என் தொண்டைக்கு ஒரு குறையும் இல்லை

திண்டுக்கல்லில் எங்கள் மாதா கோயிலுக்கு வருகிறவர்களில் என் தொண்டைக்காக வேண்டிக்கொள்ளாத ஆளில்லை. அந்தத் தொண்டைக்கு ஒரு கோளாறும் கிடையாது என்பது அப்போது எனக்கும் ஆண்டவருக்கும் மட்டும்தான் தெரியும். கோளாறு கொஞ்சம் கீழே. பாடகர் குழுவில் நின்று உச்ச ஸ்தாயிக்குப் போனால் மூத்திரம் சொட்டும். இருமினால் சொட்டும், தும்மினால் சொட்டும், சிரித்தால் கேட்கவே வேண்டாம். பிள்ளை பெற்ற உடம்பு, வயதும் ஐம்பதைத் தாண்டிவிட்டது. வெளிர் நிறச் சேலை கட்டுவதையே விட்டிருந்தேன்.

இதை எப்படி வெளியே சொல்வது? "தொண்டை சரியில்ல" என்று சொல்லிவிட்டுப் பின் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அவ்வளவுதான், ஆளாளுக்கு வைத்தியராகிவிட்டார்கள். பனங்கற்கண்டு, மிளகுப் பால், சித்தரத்தை. வீட்டுக்காரர் தினமும் வெந்நீர்ச் சொம்போடு வந்து நிற்பார். அந்த வெந்நீர் கடைசியில் எங்கே போகும் என்று மனுஷனுக்கு என்ன தெரியும், பாவம்! தொண்டை மந்திரிக்கும் திருநாளன்று, பங்குச் சாமியார் இரண்டு மெழுகுவர்த்திகளைக் கழுத்தில் குறுக்காக வைத்து, மற்றவர்களுக்குச் சுருக்கமாகச் சொன்ன ஜெபத்தை எனக்கு மட்டும் நீட்டி முழக்கினார். நின்ற இடத்தில் தும்மல் வந்தது. அதற்கு மேல் கேட்காதீர்கள்.

எனக்கு முன்னால் குழுவை நடத்திய அக்கா, முட்டிவலி என்று சொல்லி எப்போதோ ஒதுங்கிப் பின் பெஞ்சுக்கு வந்தவர். அவர்தான் அதிகம் கவலைப்பட்டார். "ஏன்டி, அம்புட்டு நல்ல கொரல இப்புடிக் கெடுத்து வச்சிருக்கியே, ஐஸ்தண்ணி குடிச்சியா?" என்று கற்கண்டைக் கையில் திணிப்பார். பதிலுக்கு நானும் வத்தலக்குண்டு போகும்போதெல்லாம் அவர் முட்டிக்குத் தைலம் வாங்கி வருவேன்.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. "சேலை உன் இஷ்டம், சாப்பாடு அப்பா இஷ்டம். பூசைல மட்டும் நீதாம்மா பாடணும்" என்றாள். நினைத்துப் பார்த்தேன். முன்வரிசையில் சம்பந்தி வீடு, பட்டுச் சேலையில் நான், கையில் மைக். பெற்ற பிள்ளை ஆசையாகக் கேட்டதை எப்படி மறுப்பேன்?

வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு டாக்டரிடம் போனேன். சிறுநீரைச் சோதித்து, கிருமி எதுவும் இல்லை என்று சொல்லி, பிசியோதெரபிப் பெண்ணிடம் அனுப்பினார். ஊசியும் இல்லை, கத்தியும் இல்லை. "நாலு பேரு நடுவுல காத்து பிரியாம அடக்குவீங்கள்லம்மா, அந்தத் தசையத்தான் உள்ள இழுத்து மேல தூக்கணும். செத்த நேரம் புடிச்சிட்டு முழுசா விட்டுறணும். மூச்ச அடக்கக் கூடாது. தும்மல் வர்ற மாதிரி இருந்தா முந்தியே ஒரு இழு. மாசக்கணக்கா விடாமச் செய்யணும்" என்றாள். சொட்டுக்குப் பயந்து தண்ணீரையே குறைத்துவிட்டேன் என்றதற்கு நல்ல திட்டு வாங்கினேன்.

இதற்கு எங்கே நேரம்? சாமியாரின் பிரசங்கம் கைகொடுத்தது. ஆரம்பித்தால் அவர் லேசில் முடிக்க மாட்டார். முன்பெல்லாம் தூங்குவேன். இப்போது கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன், பிடித்தேன், விட்டேன். பிரசங்கம் நீள நீள எனக்கு லாபம். ஒருநாள் அவர் என்னைக் கைகாட்டி, "இந்த அம்மாவப் பாருங்க, எவ்வளவு பக்தியாக் கேக்குறாங்க" என்று எல்லோருக்கும் சொன்னார். அந்த நேரம் நான் பிடித்துக்கொண்டிருந்தேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

கல்யாணப் பூசையில் பாடினேன். உச்சத்தைத் தொட்டபோது மகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நானும் துணிந்து சிரித்தேன். ஒரு சொட்டு இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பிரியாணிப் பந்தியில் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். மெழுகுவர்த்தியின் மகிமை என்றாள் ஒருத்தி. மிளகுப் பால் என்றாள் இன்னொருத்தி. "எல்லாம் என் கல்கண்டு" என்றார் அக்கா. அப்படியென்றால் நான் மாதக்கணக்கில் இழுத்துப் பிடித்ததற்கு ஒரு மரியாதையும் கிடையாதா? எரிச்சலில் சத்தமாகவே சொல்லிவிட்டேன்: "தொண்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல. பாடுனா மூத்திரம் சொட்டுச்சு. பயிற்சி செஞ்சேன், நின்னுருச்சு."

எல்லோரும் இலையையே பார்த்தார்கள். ஒருத்தி அவசரமாக வெங்காயப் பச்சடி கேட்டாள்.

கைகழுவும் இடத்தில் அக்கா என் முழங்கையைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது. "அந்தப் பிள்ளைகிட்ட நாளைக்கே என்னையக் கூட்டிட்டுப் போடி" என்றார்.

"முட்டிக்கும் பாப்பாளான்னு தெரியலையேக்கா."

"எனக்கு என்னைக்குடி முட்டி வலிச்சுச்சு?"