மரச்சட்டம் இல்லாத சிலேட்டுகள்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். எழுத்துப் பிழைகளும் இருக்கும். நாலாவது வகுப்போடு நின்றவன் நான். பள்ளிக்கூடங்களில் புதிதாகப் பியூன் வேலைக்கு வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். பொறுத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

ராயபுரத்தில் கடலோரத்து எலிமெண்டரி ஸ்கூல் ஒன்றில் எனக்கு வேலை. மணி அடிப்பது, ரிஜிஸ்தர் எடுத்துக் கொடுப்பது, தண்ணீர்ப் பானையை நிரப்புவது. ஹெட்மாஸ்டரிடம் பேச எனக்குக் கூச்சம். "ஆமாம் சார்", "இல்லை சார்" என்பதோடு சரி.

அவர் ஒரு தனி வகுப்பு நடத்தினார். நாலாவது வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகள் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து, மாலையில் ஒரு மணி நேரம் கூடுதலாக இங்கிலீஷும் கஷ்டமான கணக்குகளும் சொல்லிக்கொடுப்பார். அதில் படித்தவர்கள்தான் ஸ்காலர்ஷிப் பரீட்சை எழுதி ஹைஸ்கூலுக்குப் போவார்கள். மற்றவர்களில் பலர் அந்த வருஷத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு ஹார்பருக்கோ கம்பெனிக்கோ போய்விடுவார்கள்.

தேர்வு மாடி ஹாலில் நடக்கும். பிள்ளைகள் ஐந்து கணக்குகளைச் சிலேட்டில் போடுவார்கள். நான் சிலேட்டுகளைச் சேர்த்துக் கீழே ஹெட்மாஸ்டர் அறைக்குக் கொண்டுபோவேன். மரச்சட்டம் போட்ட சிலேட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். எழுத்துக்கு ஒன்றும் ஆகாது. குப்பத்துப் பிள்ளைகள் சிலருடைய சிலேட்டுக்குச் சட்டம் இருக்காது, வெறும் கல்தான். அடுக்கில் வைத்தால் வழுக்கும். அதனால் அவற்றை மட்டும் தனியாகச் சேர்த்து இடது அக்குளில் இடுக்கிக்கொள்வேன். யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. நானே கண்டுபிடித்த சௌகரியம்.

நான் வேலைக்குச் சேர்ந்த ஏழாவது வருஷம், காலையில் தேர்வு நடந்து, மாலை மணிக்கு முன் பத்துப் பெயர்களையும் படித்தார்கள். பள்ளி விட்டதும் ஞானம்மா என்கிற மீன்காரம்மா தன் மகள் பிலோமினாவை இழுத்துக்கொண்டு வந்தார். கூடையை வாசலில் இறக்கி வைத்தார்.

"இன்னா சார், எம் பொண்ணு ஒண்ணுமே எய்தலியாமே? எனக்கே மீன் கணக்கு சொல்றது இதான்."

"எழுதியிருக்காம்மா," என்றார் ஹெட்மாஸ்டர். "அப்புறம் விடை தெரியாம அழிச்சிட்டா. சிலேட்டு பூரா வெள்ளையா இழுவியிருக்கு. நான் என்ன பண்றது?"

"நான் அழிக்கல சார்," என்றாள் பிலோமினா.

"அப்போ யாரு அழிச்சது? பேயா?"

ஞானம்மா மகளை ஒரு பார்வை பார்த்தார்.

"சரி வுடு சார். திங்கக்கெயமைலேர்ந்து தீப்பெட்டிக் கம்பெனிக்கு அனுப்பிடறேன். அங்க சிலேட்டும் கெடையாது, அழிக்கறதும் கெடையாது."

நான் கதவோரம் நின்றிருந்தேன். என் காக்கிக் கோட்டில் இடது அக்குளுக்குக் கீழே வெள்ளையாக ஒரு திட்டு. தேர்வு நாளன்று வருஷா வருஷம் அது வரும். தட்டிவிட்டு வேறு வேலை பார்ப்பேன். அன்றைக்குத்தான் அது என்னவென்று பார்த்தேன். பலப்பத் தூள்.

ஞானம்மா கூடையைத் தலைக்கு ஏற்றிவிட்டார். கையைத் தூக்கிக் கோட்டைக் காட்டினேன்.

"சார், அந்தப் பொண்ணு அழிக்கல. நான்தான்."

"நீயா? எதுக்குப்பா?"

"வேணும்னு இல்ல சார். கல்லும் கல்லும் ஒரசிடுச்சி."

ஹெட்மாஸ்டர் நம்பவில்லை. சட்டமில்லாத இரண்டு சிலேட்டுகளில் தாமே கணக்கு எழுதி, என் அக்குளில் வைத்து, மாடிப்படி ஏறி இறங்கி வரச் சொன்னார். வந்து கொடுத்தேன். இரண்டிலும் வெள்ளை இழுவல்தான் இருந்தது.

"இன்னா மாமு, எம் பொண்ணு படிப்பையே கக்கத்துல வச்சி தொடச்சிட்டியே," என்றார் ஞானம்மா. அதில் கோபம் பாதி, சிரிப்பு பாதி.

ஹெட்மாஸ்டர் பிலோமினாவை மேஜைக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, புதிதாக ஐந்து கணக்குகள் கொடுத்தார். ஐந்தும் சரி. நாலாவதை அவள் போட்ட வழி அவருக்கே புதிது. இரண்டு முறை சரிபார்த்தார்.

"பத்துப் பேருன்னு வச்சது நான்தானே," என்றார். "பதினொண்ணா இருக்கட்டும். கம்பெனிக்கு அனுப்பாதீங்கம்மா."

"அனுப்பல சார்," என்று சொல்லிவிட்டு அவர்கள் போனார்கள். நான் அறையைப் பூட்டச் சாவியை எடுத்தேன். ஹெட்மாஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"எத்தனை வருஷமா இப்படிக் கொண்டாறே?"

"இதோட ஏழு சார்."

"வருஷா வருஷம் நாலஞ்சு சிலேட்டு அழிஞ்சுதான் இருக்கும். எல்லாம் குப்பத்துப் பிள்ளைங்களோடது. அதுங்களுக்குக் கணக்கு வராதுன்னு நான் இன்ஸ்பெக்டருக்கே எழுதியிருக்கேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. மறுநாள் சட்டமில்லாத சிலேட்டு வைத்திருந்த மற்ற மூவரையும் மறுபடி எழுத வைத்தார். ஒருவன் தேறினான். அடுத்த வருஷத்திலிருந்து அவரே மாடிக்குப் போய், பிள்ளைகள் உட்கார்ந்த இடத்திலேயே சிலேட்டைப் பார்த்தார்.

வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பிள்ளைகள் எழுதியதைக் கையில் வாங்கினால், கொண்டுபோய்ச் சேர்த்த இடத்திலும் அது அப்படியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

முந்தைய ஆறு வருஷத்துப் பிள்ளைகள் சிலரை ஹார்பர் கேட்டருகே இப்போதும் பார்க்கிறேன். மூட்டை இறக்கிவிட்டு நின்று, சௌக்கியமா என்று கேட்பார்கள். சௌக்கியம் என்பேன். அவர்களிடம் இன்னும் இதைச் சொல்லவில்லை.

தாது வருஷம், ஆவணி 10