வாய்க்கால்மேட்டுக்கு முதல் பஸ்

காலை ஏழு மணிக்குத் திருவாரூரில் பஸ் ஏறினேன். வாய்க்கால்மேட்டுப் பள்ளி ஆசிரியரான என் நண்பரைப் பார்க்கப் போகிறேன். நாகப்பட்டினம் சாலையிலிருந்து பிரியும் மூன்று மைல் கிளைச்சாலையில் அன்றுதான் முதன்முதலாக பஸ் விடுகிறார்கள்.

பக்கத்து இருக்கையில் ஆஸ்பத்திரியிலிருந்து வாய்க்கால்மேட்டுக்குத் திரும்பும் அஞ்சலை என்ற அம்மாள். அவருக்கு அப்பால் மகள் மல்லிகா, மடியில் பிறந்து சில நாளே ஆன குழந்தை.

"தலைப் பிரசவத்துக்கு இவளக் கட்டில்ல வச்சு வரப்பு வழியா தூக்கிட்டு வந்தோம் சார். மெயின் ரோட்டுக்கு வர்றதுக்குள்ள புள்ள போயிடுச்சு" என்றார் அஞ்சலை. அதன்பிறகு அவர்கள் வசிக்கும் கூலிக்காரத் தெருவே திரண்டு சாலை கேட்டிருக்கிறது. நில உச்சவரம்புச் சட்டத்தில் கிடைத்த துண்டு நிலத்தின் ஓரத்தைச் சாலைக்காக ஆளாளுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

இருபுறமும் சம்பா முற்றிச் சாய்ந்திருந்தது. எட்டு மணிக்கு, கூலிக்காரத் தெருவுக்கு முன்னால் வரும் மேலத்தெருவில் பஸ் நின்றது. சாலைக்குக் குறுக்கே ஒரு மாட்டுவண்டி, மாடில்லாமல். பக்கத்தில் மேலத்தெருப் பண்ணையாரின் காரியக்காரர்.

"இதோட திருப்பிக்கப்பா. அந்தப் பக்கம் பஸ் போற வழக்கமில்ல."

கண்டக்டர் தயங்கினார். "இறங்கி நடந்துடுறீங்களாம்மா?"

"பச்ச உடம்புக்காரி எதுக்குப்பா நடக்கணும்?" என்ற அஞ்சலை இறங்கிப் போய் காரியக்காரர் முன்னால் நின்றார். "வழக்கத்த இன்னிக்கு ஆரம்பிச்சுக்குவோம். இது சர்க்கார் ரோடு. வண்டிய எடுங்க."

அவர் நகரவில்லை. வயலில் அறுத்துக்கொண்டிருந்த பெண்கள் அரிவாளை வரப்பில் வைத்துவிட்டு ஏறி வந்தார்கள். யாரும் கத்தவில்லை. நுகத்தடியைத் தூக்கினார்கள். நானும் இறங்கிச் சக்கரத்துக்குத் தோள் கொடுத்தேன். வண்டி ஓரத்துக்குப் போனது. காரியக்காரர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு விலகினார்.

பஸ் கூலிக்காரத் தெருவுக்குள் மெல்ல நுழைந்து, அஞ்சலை வீட்டு வாசலிலேயே நின்றது. கண்டக்டர் குழந்தையை வாங்கிக்கொள்ள, மல்லிகா படியிறங்கினாள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அஞ்சலை மட்டும் திரும்பி, வந்த சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலையில் அதே பஸ்ஸில் திரும்பினேன். புறப்படுமுன் டிரைவர் ஹாரன் அடித்தார்.

"இன்னொரு தடவ அடிங்க தம்பி. நல்லாக் கேக்கட்டும்" என்றார் வாசலில் நின்ற அஞ்சலை.

டிரைவர் சிரித்துக்கொண்டே மேலத்தெரு தாண்டும்வரை அடித்தார். ஒரத்தநாட்டில் என் வீட்டு வாசலை ஒட்டித்தான் பஸ் போகும். அந்தச் சத்தத்தைத் திட்டாத நாளில்லை. அன்று எனக்கு அது போதவில்லை.