அரசாங்கம் அண்ணையைப் பார்க்க வந்த கதை

ஒருவரால் தானாக உடுக்கவோ குளிக்கவோ முடியவில்லை என்பதை நேரில் பார்த்து உறுதிசெய்ய அரசாங்க அலுவலர் வருகிறார். அந்த நாளில் அந்த மனிதருக்கு முகம் வழித்து, தலை வாரி, என் கலியாணக் கோட்டைப் போட்டு, கழுத்துப்பட்டி கட்டி, வாசனையும் தெளித்துக் கதிரையில் இருத்திய அறிவாளி நான்தான். இதை இந்த நினைவு மலரின் முதற் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். எப்படியும் சொந்தக்காரர் சொல்லுவார்கள். அதையும் பிழையாகச் சொல்லுவார்கள்.

எங்கள் அன்பு அண்ணை அவர்கள் கரவெட்டியில், ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். வழக்கமாக இந்த இடத்தில் ‘சிறு வயதிலேயே கல்வியில் சிறந்து விளங்கினார்’ என்று எழுதுவார்கள். அண்ணை விளங்கவில்லை. கணக்குப் பாடத்துக்குப் பயந்து மதிலேறிப் போனவருக்கு, பிறகு எல்லாரையும்போல நாட்டை விட்டே போகவேண்டி வந்தது. பாரிசில் ஓர் உணவகத்தின் நிலக்கீழ் அறையில் கோப்பை கழுவினார். பிறகு மரக்கறி வெட்டினார். தலைமைச் சமையற்காரர் திட்டித் திட்டிப் பழக்கியதில், காலப்போக்கில் அதே அடுப்படியில் இரண்டாவது ஆளானார். வீட்டில் மாட்டிறைச்சி தொடாத மனிதர், அதை வைனில் வேகவைத்துப் பிரெஞ்சுக்காரரிடம் பெயர் வாங்கினார். ருசி பார்க்காமல் உப்பு எப்படித் தெரியும் என்றால், மணத்தில் தெரியும் என்பார். நான் நம்பியதில்லை.

என்னையும் தங்கச்சிமாரையும் இங்கே கூப்பிட்டது அவர். என்னைப் படிக்க வைத்ததும் அவர். அந்த முதலீட்டின் பலனைத்தான் நீங்கள் இப்போது வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள். கலியாணம் ஏன் செய்யவில்லை என்று கேட்டவர்களுக்கு “நேரமில்லை” என்றார். ஓய்வு பெற்ற பிறகும் அதையே சொன்னார்.

ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகவில்லை, பக்கவாதம் வந்து வலப்பக்கத்தை எடுத்துக்கொண்டது. லா சப்பலில் எங்கள் வீட்டுக்கு இரண்டு அறை. ஜன்னலுக்கு நேரே பாலத்தில் மெத்ரோ ரயில் ஓடும். அந்த ஜன்னலோரம் அண்ணைக்குக் கட்டில் போட்டோம். என் மனைவி விடியுமுன் பள்ளிக்கூடச் சமையலறை வேலைக்குப் போகிறவர். நான் கந்தோருக்குப் போகிறவன். அண்ணையைத் தூக்கிக் குளிப்பாட்டியதில் என் இடுப்பும் வேலை நிறுத்தம் செய்தது. உதவிக்கு வீட்டுக்கு ஆள் வராவிட்டால் இவரை முதியோர் இல்லத்தில் விடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று வைத்தியர் சொன்னார்.

அண்ணை அன்றைக்குச் சாப்பிடவில்லை. பழைய வேலைத்தோழர் ஒருவரைப் பார்க்க முன்பு அப்படியோர் இல்லத்துக்குப் போய்வந்தவர் அவர். “என்னை அங்கை விட்டா ஒரு மாசத்திலை செத்துப்போவன். வருத்தத்திலை இல்லை, அவங்கடை சூப்பிலை” என்றார்.

வயோதிபரையும் இயலாதவரையும் வீட்டில் வைத்தே பராமரிக்க, குளிப்பாட்ட, உடுப்பாட்ட ஆள் அனுப்பி அந்தச் செலவையும் ஏற்கிற ஏற்பாடு இந்த நாட்டில் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எத்தனை மணித்தியாலம் என்பதை முடிவுசெய்ய ஒருவர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். ‘வருகிறார்கள்’ என்ற சொல் காதில் விழுந்தால் யாழ்ப்பாணத்தாருக்கு என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். மனைவி திரைச்சீலைகளைத் தோய்த்தார். மலசலக் கதிரையைப் போர்வையால் மூடிக் குளியலறைக்குள் தள்ளினேன். நாப்கின் பொதிகளைக் கட்டிலுக்கடியில் ஒளித்தேன். “வாற ஆளுக்கு முன்னாலை கிழிஞ்ச பெனியனோடை இருக்கேலுமே?” என்று அண்ணை கேட்டார். நியாயமான கேள்வியாகவே பட்டது. கோட்டு அப்படித்தான் வந்தது.

வந்த அம்மணி முறையானவர், சிரிக்காதவர். கேட்ட கடதாசி ஒன்றைத் தேடி நான் மற்ற அறைக்குள் போனேன். திரும்பி வந்தால் அண்ணையைக் கதிரையில் காணவில்லை. அடுப்பு மேடையில் நெஞ்சைச் சாய்த்து, இடக்கையால் முட்டை அடித்துக்கொண்டு நிற்கிறார்.

“அண்ணை, என்ன வேலை செய்யிறியள்?”

“வீட்டுக்கு வந்த மனிசி. வெறும் வயித்தோடை அனுப்பச் சொல்லுறியோ?”

அம்மணி ஒம்லெட்டைச் சாப்பிட்டார். மிக நன்றாக இருக்கிறது என்றார். அதையும் எழுதிக்கொண்டார். அதன் பிறகு அண்ணை இரண்டு நாள் கட்டிலை விட்டு எழும்பவில்லை; அதை எழுத அங்கே யாரும் இல்லை. நின்று சமைக்கிறார், நேர்த்தியாக உடுத்துகிறார் என்று முடிவாகி, கிழமைக்கு ஒரு மணித்தியாலம் வீடு கூட்ட ஆள் தந்தார்கள். வீடு அவ்வளவு சுத்தமாக இருந்தும் தந்தது அவர்களின் பெருந்தன்மை.

“நாங்கள் பொம்பிளை பாக்க வந்த ஆக்களுக்குச் சோடிச்ச மாதிரியெல்லோ சோடிச்சுப்போட்டம்” என்றார் மனைவி. என்னைப் பார்த்துச் சொன்னார். திரைச்சீலை தோய்த்தவர் என்பதை நான் நினைவூட்டவில்லை.

மறுபடி விண்ணப்பித்தோம். இம்முறை நானே இயக்குநர். முகம் வழிக்கக் கூடாது. மலசலக் கதிரை நடு அறையில் நிற்கும். அண்ணை வாய் திறக்கக் கூடாது, கதைப்பது நான்.

“நான் என்ன கூத்துக்காரனோ, பிச்சைக்கார வேசம் போட?” என்று அண்ணை மறுத்துவிட்டார். மனைவியைக் கூப்பிட்டு முகம் வழித்துக்கொண்டார். கோட்டு மட்டும் வேண்டாம் என்றார். தோள் இறுக்குகிறதாம்.

இம்முறை வந்தவர் தடிமன் பிடித்த ஓர் இளைஞர். மூக்கைச் சிந்தியபடி, மேலங்கியைக் கழற்றாமலே கேள்விகளைத் தொடங்கினார். ‘குளிக்கிறீர்களா?’ என்று அவர் கேட்டதும், தயார் செய்திருந்த வசனத்துக்காக நான் தொண்டையைச் செருமினேன். அண்ணை இடக்கையை உயர்த்தினார்.

“நீ பொறு. என்னைத்தானே கேக்கிறார்.”

அண்ணையின் பிரெஞ்சு அடுப்படியில் படித்தது. இலக்கணம் குறைவு, தூசணம் கூட. தூசணத்தை நீக்கினால் அவர் சொன்னது இவ்வளவுதான்: “ஐயா, எங்கடை அடுப்படியிலை தட்டு ஒழுங்காக் கழுவுப்படாட்டித் திருப்பி அனுப்புவம். என்னை இவன் கழுவுறான். பாருங்கோ. திருப்பி அனுப்போணும்.” பிறகு சட்டையைத் தூக்கி, முதுகில் நான் தேய்க்காமல் விட்டு வெடித்துப்போன இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். எழுந்து நிற்கச் சொன்னபோது, முயன்று பார்த்து, முடியவில்லை என்று தன் வாயால் சொன்னார். அவர் வாயில் அந்தச் சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

நாளும் காலையில் ஆள் வர அனுமதி கிடைத்தது. அண்ணை வீட்டிலேயே இருந்தார்.

ஆள் அனுப்பும் நிறுவனத்தைப் பற்றி நாகரிகமாக எழுத முயல்கிறேன். ஒரு நாள் ஒருவர் வருவார், மறுநாள் வேறொருவர், அதற்கடுத்த நாள் யாருமில்லை. தொலைபேசினால் பியானோ வாசிப்பார்கள். கடைசியில் மதாம் ஃபத்து நிரந்தரமாக வந்தார். லா கூர்னெவிலிருந்து வருகிறவர். ஒரு கிழவர் வீட்டிலிருந்து அடுத்த கிழவி வீட்டுக்கு ஓடும் நேரத்துக்கு அவருக்குச் சம்பளமில்லை என்பதை முதல் நாளே எங்களிடம் கோபமாகச் சொன்னார், சட்டம் போட்டவர்கள் நாங்கள் என்பதுபோல. அண்ணைக்கும் அவருக்கும் ஒருநாளும் ஒத்துவரவில்லை. தண்ணீர் சூடு என்பார் அண்ணை. சூடில்லை என்பார் அவர். சண்டை முடியும்போது அண்ணை குளித்து, உடுத்து, ஜன்னலோரம் இருப்பார்.

உறவுகளைப் பற்றியும் சொல்லவேண்டும். பியர்ஃபித்தில் இருக்கும் சித்தப்பா அப்பிள் பழங்களோடு வந்து, “பிறத்திப் பொம்பிளை வந்து குளிப்பாட்டுறதோ? சனம் என்ன கதைக்கும்?” என்று கேட்டார்.

“அதுவும் சரிதான் சித்தப்பா. செவ்வாயும் வெள்ளியும் நீங்கள் வாங்கோ” என்றார் என் மனைவி.

சித்தப்பாவுக்குத் திடீரென்று ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அதன் பிறகு அவரைச் செத்தவீட்டில்தான் கண்டோம். முதல் மாலை அவருடையது.

போன மாரியில் ஒரு காலை, மதாம் ஃபத்து மணியடிப்பதற்குச் சற்று முன், அண்ணை தன் கட்டிலில் போய்ச் சேர்ந்தார். சூப்பில் அல்ல. ஃபத்து வழக்கம்போலத் தண்ணீரைச் சூடாக்கி, அன்றைக்கும் அவரைக் குளிப்பாட்டினார். சூடு பற்றிக் குறைசொல்ல ஆளில்லாத குளிப்பு அது ஒன்றுதான்.

தோள் கொடுத்தவர்களுக்கும், சமைத்துத் தந்த அயலவர்க்கும், மனம் வைத்து எழுதிக்கொண்டு போன அந்தத் தடிமன்கார இளைஞருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அப்பிளோடு வந்து புத்தி சொன்னவர்களுக்கும் ஒரு கும்பிடு. பழம் நல்ல பழம்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று மதாம் ஃபத்துவும் வந்திருந்தார். எல்லாருக்கும் முன்னால் எழுந்து நின்று அவருக்குத் தமிழிலும் பிரெஞ்சிலும் நன்றி உரைத்தேன். பிரெஞ்சு உரை, நானே சொல்லக் கூடாது, நன்றாகவே அமைந்தது. பிறகு வடைத் தட்டை நீட்டியபடி, அவ்வளவு மானம் பார்த்த மனிதர் அந்த இளைஞருக்கு முன்னால் எப்படி மனம் இறங்கினார், உங்களிடம் ஏதும் சொன்னாரா என்று கேட்டேன்.

“சொன்னாரே” என்றார் அவர், வடையை மென்றபடி. “குளிப்பாட்டும்போது தம்பி பகிடி சொல்லித் தானே சிரிப்பானாம். நனைந்தபடி எழும்பிப் போகவும் முடியாதாம்.”