இரண்டாவது இறுவட்டு

இன்று பலாலி வீதிப் பேருந்தில் அண்ணனின் சின்தசைசர் ஒலித்தது. அது அவருடைய புதிய அலைப் பாணி இசைக்குழுவின் இரண்டாவது இறுவட்டு (சீடி). என் ஒன்பதாம் வயதில் இதே பேருந்து வழித்தடத்தில் தோற்றுப்போன இசை.

அக்காலத்தில் பாட்டுக்குத் தீர்ப்பளித்தவர்கள் பேருந்துப் பயணிகளே. முதல் இறுவட்டுக்கு இருக்கைக் கம்பியில் தாளம் தட்டியவர்கள், இரண்டாவதை ஒரு தரிப்பிடம் வரைகூடப் பொறுக்கவில்லை.

“உதென்ன, கிறைண்டர் சத்தமோ? பழசைப் போடு தம்பி!” என்று ஒரு பெரியவர் நடத்துநரிடம் கத்தினார்.

என் அருகில் உட்கார்ந்திருந்த அண்ணன் தலைகுனிந்தார். நான் இருக்கையில் ஏறி நின்று, “முழுக்கக் கேட்டிட்டுச் சொல்லுங்கோ!” என்று முழங்கினேன். அதுவே என் முதல் மேடை. பேருந்தே சிரித்தது, இறுவட்டு மாறியது.

இன்றும் நடத்துநர் பாட்டை மாற்றக் கைநீட்டினார். நான் எழுவதற்குள், பின்னாலிருந்து ஓர் அம்மா சொன்னார்: “விடு தம்பி, உது முடியட்டும்.”

அண்ணனுக்கு அழைப்பெடுத்தேன். அவர் எடுத்ததும், தொலைபேசியைப் பேருந்தின் ஒலிபெருக்கியருகே பிடித்தேன்.