ரோஸ்லின் டீச்சர் கேட்ட விடுப்பு

ரோஸ்லின் டீச்சர் இறந்த செய்தி, அவர் நடத்த வேண்டிய பீரியடில்தான் எனக்கு வந்தது. "காய்ச்சல் நொம்ப முத்திருச்சாம்ங்க. சேலம் கொண்டுபோறப்ப மலையிறக்கத்துலயே போயிட்டாங்களாம்" என்றார் ஆபீஸ்காரர். அடுத்த மூச்சிலேயே, "ஸ்பானிஷ் கிளாஸ நீங்க கொஞ்சம் பாத்துக்கறீங்களா?" என்றார். நான் இங்கிலீஷ் டீச்சர். பார்த்துக்கொண்டேன்.

எங்கள் ஏற்காடு பள்ளியில் டீச்சரும் நானும் ஒப்பந்த ஆசிரியர்கள். கான்வென்டில் இருந்த ஸ்பானிய சிஸ்டர் ஒருவரிடம் டீச்சர் சிறுவயதில் கற்ற மொழி ஸ்பானிஷ். கொட்டச்சேடு கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார்.

ஸ்பானிஷில் இரண்டு வாக்கியங்களை இணைக்கும் 'கே' என்ற ரிலேட்டிவ் புரோநவுனை அவர் பிள்ளைகளை வைத்தே நடத்துவார். ஒரு பிள்ளை 'பெண் வந்தாள்', இன்னொன்று 'பெண் பாடினாள்'. நடுவில் 'கே'யாக நிற்பவள் இருவர் கையையும் பிடித்துக்கொள்ள வேண்டும். "தமிழ்ல 'பாடின பொண்ணு வந்தா'ன்னா முடிஞ்சுது கண்ணு. ஸ்பானிஷ்காரங்களுக்கு நடுவுல ஓராள் நிக்கணும். நிக்கற சாமிக்கு மூக்குச் சொறியக்கூடக் கை இருக்காது, பாவம்." வகுப்பே சிரிக்கும்.

கடைசி வாரம் காய்ச்சலோடு முதல்வர் அறைக்குப் போய் விடுப்புக் கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். "பரீட்சை வருதுங்களே. உங்கள விட்டா யாருங்க இருக்காங்க? அடுத்த வருஷ கான்ட்ராக்டையும் நெனச்சுப் பாருங்க" என்றார் முதல்வர்.

வெளியே வந்ததும் டீச்சர் சொன்னார்: "என்னைய விட்டா ஆளில்லையாம் கண்ணு. வேலைய நிரந்தரமாக்கச் சொன்னப்ப மட்டும் வாசல்ல நூறு பேரு நின்னாங்க." சிரித்தார், இருமினார், வகுப்புக்குப் போனார்.

கல்லறைத் தோட்டத்தில் முதல்வர், "எங்கள் குடும்பத்தில் ஒருவர்" என்று பேசினார். மண் போட்டுவிட்டுக் கை கழுவும்போது என்னிடம் கேட்டார்: "ரிலேட்டிவ் புரோநவுன் முடிச்சுட்டாங்களா?" 'கே' முடிந்தது, 'யாருடைய' என்று இணைக்கும் 'கூயோ' மிச்சம் இருக்கிறது என்றேன்.

அவரிடம் படித்தவர்களுக்கும் உடன் வேலை பார்த்தவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தயவுசெய்து 'அமைதியில் இளைப்பாறட்டும்' என்று எழுதாதீர்கள். உயிரோடு இருக்கையில் இளைப்பாறத்தான் அவர் கேட்டார்.

நேற்று என் மகளுக்குக் காய்ச்சல். மூன்று வயது. நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது பள்ளியிலிருந்து போன். "வேற யாருங்க இருக்காங்க டீச்சர்? கான்ட்ராக்ட் புதுப்பிக்கற நேரமுங்க இது."

"வர முடியாதுங்க" என்றேன். அடுத்த வருடம் வேலை இருக்குமா, தெரியவில்லை.

அன்று அந்த அறையில் ரோஸ்லின் டீச்சர் சொல்லாமல் விழுங்கியது இந்த 'முடியாதுங்க'வைத்தான். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டதும் இது மட்டும்தான்.