பச்சைத் தவளை கேட்டேன்

போன வாரம் செவ்வாய்ப்பேட்டையில் என் துணிக்கடைக் கல்லாவில் உட்கார்ந்து, பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்திக்கு என்ன எழுதலாம் என்று யோசித்தபடி எதிர்க்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத ஒன்றும் தோன்றாதபோது எதிர்க்கடையைப் பார்ப்பது என் வழக்கம். அங்கே எப்போதும் என் கடையைவிடக் கூட்டம் அதிகம். பார்த்தால் வயிறு எரியும். வயிறு எரிந்தால் எனக்கு எழுத்து வரும்.

அன்றைக்கு அங்கே கல்யாண ஜவுளி எடுக்க ஒரு குடும்பம் வந்திருந்தது. பெரியவர்கள் ஒரு பக்கம் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். கல்யாணப் பையனும் பெண்ணும் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். அவன் ஒவ்வொரு புடவையாக எடுத்துக் காட்டுவான். அவள் லேசாகக் குனிந்து ஏதோ சொல்வாள். அவன் தலையாட்டிவிட்டு அதை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஒதுக்கி வைப்பான்.

என்னதான் சொல்கிறாள்? எங்கள் சந்தின் அகலம் உங்களுக்குத் தெரியாது. எதிர்க்கடைக்காரர் தும்மினால் நான் இங்கிருந்தே நூறாயுசு சொல்லலாம். காதைத் தீட்டினேன்.

"இது அரக்குங்க... இது கிளிப்பச்சை... இது மாம்பழக் கலர், உங்க அக்காவுக்கு எடுக்கலாமுங்க..."

பையன் திரும்பினான். முகத்தைப் பார்த்ததும் என் கையிலிருந்த பேனா அப்படியே நின்றுவிட்டது.

பிரபு! என் மருமகனாகியிருக்க வேண்டிய பையன்.

ஏன் ஆகவில்லை என்று கேட்கிறீர்களா? ஒரு ரப்பர் தவளையால்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமையானால் ஆட்டையாம்பட்டிப் பக்கம் எங்கள் ஏரிக்கு நான் விரால் பிடிக்கப் போவது, இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். பிடித்துக்கொண்டு வந்த நாட்கள் குறைவு என்பதும் தெரியும். ஏரி முழுக்க ஆகாயத்தாமரையும் அல்லியும் பாசியும் மண்டிக் கிடக்கும். விரால் அதற்கு அடியில் படுத்திருக்கும். அங்கே மண்புழுவும் தக்கையும் வேலைக்கு ஆகாது. ரப்பர் தவளையைத்தான் வீச வேண்டும். கொக்கி தவளையின் முதுகோடு ஒட்டியிருப்பதால் செடியில் மாட்டாது. இலைமேல் தத்தித் தத்தி இழுத்துக்கொண்டு வந்தால், நிஜத் தவளை என்று நினைத்து விரால் கீழிருந்து பாயும். பாய வேண்டும்...

என்ன கலர் தவளையைப் போடுவது? இதில்தான் என் மேதாவித்தனம் எல்லாம் இருக்கிறது. வெயிலும் தெளிந்த தண்ணீருமாக இருந்தால் பச்சை. மழை பெய்து தண்ணீர் கலங்கியிருந்தால் கறுப்பு. மேகமூட்டத்துக்கு வெள்ளை. பாசி பழுத்துக் கிடக்கும் இடத்தில் செங்கல் நிறம். துணிக்கடைக்காரன் இல்லையா? எங்கே போனாலும் ரகம் பிரிப்பேன். தவளைகளை நான் கலர் வாரியாக அறை போட்ட ஒரு பெட்டியில் வைத்திருக்கிறேன். என் பிறந்தநாளுக்கு என் ஒரே மகள் சௌமியா வாங்கிக் கொடுத்தது. அவள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். ஆன்லைனில் தேடித் தேடி ஒவ்வொரு கலராக அவளே பொறுக்கி எடுத்து அனுப்பினாள். சின்ன வயதில் கடைக்கு வந்தால்கூட, "அப்பா, இந்த மெரூன் விக்காதுங்க, அந்த மெரூன் விக்கும்" என்பாள். இரண்டும் எனக்கு ஒரே மெரூனாகத்தான் தெரியும். அவள் சொன்னதுதான் விற்கும்.

அந்தச் சௌமியாவுக்குத்தான் பிரபுவைப் பேசினோம். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிற குடும்பம். பையன் படித்துவிட்டுப் பண்ணையைப் பார்த்துக்கொள்கிறான். பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டு பேரும் போனில் பேசிக்கொள்ளட்டும் என்று விட்டோம். பேசினார்கள். போனை வைத்த பிறகும் சௌமியா சிரித்துக்கொண்டே இருந்ததை நானே பார்த்தேன். அடுத்தது உப்புச் சர்க்கரை மாற்றிச் சம்பந்தத்தை உறுதி செய்ய வேண்டியதுதான். நாள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த நேரத்தில்தான் பிரபு எனக்குப் போன் செய்தான். "மாமா, நீங்க மீன் புடிக்கப் போவீங்களாமே? அடுத்த வாரம் நானும் வரட்டுங்களா?"

எந்த மாமனாருக்கு மனம் குளிராது? வரச் சொன்னேன்.

ஞாயிறு விடிந்ததும் ஏரிக்கரையில் நின்றோம். சுள்ளென்று வெயில், தெளிந்த தண்ணீர். நான் தூண்டில் கம்பைச் சரிசெய்துகொண்டே, "மாப்பிள்ளை, பெட்டியில இருந்து அந்தப் பச்சைத் தவளைய எடுங்க" என்றேன். இன்னும் உறுதியாகாத சம்பந்தத்தில் மாப்பிள்ளை என்று கூப்பிட்டுவிட்டேன். வாயில் தானாக வந்தது.

பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தான். செங்கல் நிறத் தவளை!

"பச்சைங்க மாப்பிள்ளை."

மறுபடி பெட்டியைப் பார்த்தான். இன்னொரு செங்கல் தவளையை எடுத்தான். என் முகத்தைப் பார்த்தான். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னான்: "மாமா, எனக்குப் பச்சையும் செவப்பும் ஒண்ணாத்தான் தெரியுமுங்க. பொறந்ததுல இருந்தே அப்படித்தானுங்க."

ஒளிக்கவும் இல்லை, குழையவும் இல்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னான்.

"அப்ப சிக்னல்ல என்ன பண்ணுவீங்க?"

"மேல எரிஞ்சா நிக்கோணும், கீழ எரிஞ்சா போலாமுங்க."

"பண்ணையில?"

"முட்டை வெள்ளதானுங்களே மாமா."

இருவரும் சிரித்தோம். "இதையே போட்டுப் பாக்கலாமுங்களா?" என்று அந்தச் செங்கல் தவளையையே மாட்டினான். என் சாஸ்திரப்படி அந்த வெயிலில் அதை எந்த விராலும் திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது. அல்லி இலைகளுக்கு நடுவே வீசி, இரண்டு தத்து தத்த வைத்தான். தண்ணீர் பொட்டென்று வெடித்தது! பதறாமல் ஒரு கணம் விட்டு இழுத்தான். முழங்கை நீளத்துக்கு ஒரு விரால், பாசியோடு கரைக்கு வந்தது. பச்சைத் தவளையோடு நின்ற எனக்கு அன்றைக்கும் ஒன்றும் இல்லை.

மீனை என்னிடமே கொடுத்தான். "அத்தைகிட்டக் குடுங்க மாமா, கொழம்பு வெக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினான். நல்ல பையன் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அதோடு வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

எழுதுகிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. நல்ல சம்பவம் ஒன்று கிடைத்துவிட்டால் யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியாது. அன்று சாப்பாட்டுக்கு என் மனைவி சரசுவின் அண்ணன் வந்திருந்தார். குழம்பைப் பரிமாறும்போது நான் ஆரம்பித்தேன். பச்சைத் தவளை கேட்டது, சிக்னல், முட்டை... எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். முடித்துவிட்டு நானே சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

மைத்துனரின் கை சோற்றில் அப்படியே நின்றது.

"கலரே தெரியாதுங்களா?"

"பச்சையும் செவப்பும் மட்டுந்தானுங்க..."

"துணிக்கடைக்காரர் ஊட்டுக்குக் கலர் தெரியாத மாப்பிள்ளைங்களா? ஒத்தப் புள்ள. நாளைக்கு உங்க கடைய யாருங்க பாக்கறது? அரக்கு கேட்டா பச்சைய எடுத்துப் போட்டா, பேட்டையே சிரிக்காதுங்களா?"

சரசுவுக்கு வேறு பயம். "ஏனுங்க, பேரனுக்கும் அப்படியே வந்துருச்சுன்னா?"

பின்னாளில் ஒரு கண் டாக்டரிடம் கேட்டேன். இது அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகாதாம். அன்றைக்கே கேட்டிருக்கலாம். 'கடையில் வேலை செய்கிற யாராவது கலர் எடுத்துக் கொடுப்பார்கள்' என்றாவது சொல்லியிருக்கலாம். அவன் மறைக்காமல் சொன்னானே, அதுவே பெரிய விஷயம் என்று சொல்லியிருக்கலாம். எத்தனை 'லாம்' பாருங்கள். ஒன்றையும் நான் சொல்லவில்லை. விராலில் முள் குறைவு. ஆனாலும் தட்டைப் பார்த்து முள் தேடிக்கொண்டிருந்தேன்.

உள்ளுக்குள் எனக்கும் அந்தக் கடைப் பேச்சு உறைத்தது என்பதுதான் நிஜம். என் கல்லாவில் பிரபு உட்கார்ந்திருப்பது போலவும், எதிர்க்கடைக்காரர் பார்த்துச் சிரிப்பது போலவும் ஒரு காட்சி வந்து போனது. மானம் என்று நாம் சொல்வதில் பாதி எதிர்க்கடைக்காரர் பற்றியதுதான்.

மறுவாரம் தரகரிடம் சொல்லி அனுப்பினோம். "இன்னொரு எடத்துல ஜாதகம் பாத்தோமுங்க, பொருத்தம் சரியில்லைன்னுட்டாங்க." நம் ஊரில் எந்த மனிதரையும் நோகடிக்காமல் வேண்டாம் என்று சொல்ல ஜாதகத்தைவிடச் சௌகரியமானது எது? கிரகங்கள் மறுத்துப் பேசாது. பிரபு வீட்டிலும் மறுத்துப் பேசவில்லை.

சௌமியாவிடமும் அதையேதான் சொன்னேன். "சரிங்கப்பா" என்றாள். அவ்வளவுதான். அடுத்தடுத்து வந்த வரன்களை எல்லாம், இப்போது வேண்டாம் என்று தள்ளிக்கொண்டே வருகிறாள். வேலை அதிகம் போலிருக்கிறது என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

திரும்ப எதிர்க்கடைக்கு வருகிறேன். நான் பார்ப்பதைப் பிரபு பார்த்துவிட்டான். முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கலாம். சந்தின் இந்தப் பக்கம் தாண்டி என் கடைக்கே வந்தான்.

"மாமா, நல்லாருக்கீங்களா? ஏரிக்குப் போறீங்களா?"

"போறேனுங்க தம்பி." இந்த முறை மாப்பிள்ளை என்று வரவில்லை.

"நீங்க அவசியம் கல்யாணத்துக்கு வரோணுமுங்க. அத்தையவும் கூட்டிட்டு வாங்க. வாரேனுங்க மாமா."

திரும்பிப் போய் அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் அடுத்த புடவையின் கலரைச் சொன்னாள். அவன் தலையாட்டினான். இவ்வளவுதானா விஷயம்? பக்கத்தில் உட்கார்ந்து ஒருத்தி கலர் பெயரைச் சொன்னால் தீர்ந்துவிடுகிற காரியமா அது? அன்று முழுக்க எனக்கு வியாபாரம் ஓடவில்லை.

சனிக்கிழமை சௌமியா ஊருக்கு வந்திருந்தாள். ஹாலில் லேப்டாப்போடு இருந்தாள். நான் சமையலறையில் சரசுவிடம் மெதுவாகத்தான் சொன்னேன். மெதுவாகப் பேசுவதும் எனக்கு வராத கலை.

"காதுல கலர் சொல்லுது அந்தப் புள்ள. அவ்வளவுதான் சரசு. இதுக்குப் போயி நல்ல பையன உட்டுட்டமே..."

வாசற்படியில் சௌமியா நின்றாள்.

"எதுக்குப் போயிங்கப்பா?"

நான் சரசுவைப் பார்த்தேன். சரசு அடுப்பைப் பார்த்தாள்.

"ஜாதகம்னு சொன்னீங்க?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? தவளையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை நடிக்கவில்லை. அவள் நின்றபடியே கேட்டாள்.

"அவரு எங்கிட்ட மொத நாளே சொல்லிட்டாருங்கப்பா. 'பொண்ணு பாத்த அன்னைக்கு நீங்க என்ன கலர் கட்டியிருந்தீங்கன்னு எங்க அக்கா கேட்டாங்க, எனக்குச் சொல்லத் தெரியலைங்க, நீங்களே சொல்லிருங்க'ன்னு கேட்டாரு."

"நீ என்ன சாமி சொன்ன?"

"மயில்கழுத்துன்னு சொன்னேன். இனிமேலும் நானே சொல்றேன்னேன்."

சரசு அடுப்பை அணைத்தாள்.

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சாமி?"

"ஜாதகம்னா நான் என்னத்தைச் சொல்றதுங்கப்பா? இதுன்னு தெரிஞ்சிருந்தாத் தானே..." என்று பாதியில் விட்டுவிட்டு வேறு கேட்டாள். "அந்தச் செங்கல் கலர்ல மீன் புடிச்சாருன்னு சொன்னீங்களே, நெசந்தானுங்களா?"

"நெசந்தான்."

"நீங்க பச்சைல?"

"ஒண்ணுமில்ல."

நான் சமாதானம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "மீனுக்கு என்ன சாமி... நம்ம கடைய நாளைக்கு யாரு பாக்கறதுன்னுதான் உங்க மாமா கேட்டாரு..." என்று இழுத்தேன்.

சௌமியா என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை.

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுதுங்கப்பா."

என் கடையில் மெரூனுக்கு மெரூன் பிரித்துக் காட்டியதும், அந்தத் தவளைப் பெட்டிக்குக் கலர் பொறுக்கிப் போட்டதும் அவள்தான் — மேலே எழுதியிருக்கிறேன், நீங்களாவது கவனித்தீர்களா?