பொங்கலில் மிளகு

நாவலூரில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆறாவது மாதம் கூடத்தின் பொறுப்பாளரான மேடம் கையெழுத்துப் போட்டால்தான் வேலை நிரந்தரம். செங்கல்பட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் இடிபட்டு வந்த எனக்கு அந்தக் கையெழுத்துதான் உயிர்.

முட்டுக்காட்டு உப்பங்கழித் தண்ணீரில் கிருமிகளை எண்ணுவது என் வேலை. ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு சுத்தமான நீர் கலந்து, அதில் ஒரு பங்கெடுத்து மறுபடி ஒன்பது பங்கு கலந்து, இப்படி ஐந்து முறை. கடைசிக் குழாயிலிருந்து, கிருமி வளர்க்கும் மூன்று தட்டுகளில் ஒவ்வொரு மில்லி விடுவேன். மறுநாள் ஒவ்வொரு கிருமியும் ஒரு புள்ளியாக வளர்ந்திருக்கும். அன்று வந்தது மூன்று, ஒன்பது, ஐந்து.

“ஒரே குழாய்த் தண்ணி, மூணு தட்டுல மூணு கணக்கா? உன் கை சரியில்லம்மா. நாளைக்கும் இப்படின்னா எதை நம்பிக் கையெழுத்துப் போடுறது?” என்றார் மேடம்.

மறுநாள் காலை இரண்டு, எட்டு, ஏழு. நோட்டில் பென்சிலால் ஆறு, ஐந்து, ஆறு என்று எழுதினேன். டிபன் முடித்து வந்து பேனாவால் எழுதிவிடலாம் என்று கூசாமல் கிளம்பினேன்.

அன்று கேன்டீனில் வெண்பொங்கல். மேடம் மிளகைப் பொறுக்கித் தட்டோரம் ஒதுக்கினார், என்னைப் போலவே. ஒதுக்கி ஒதுக்கி அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது.

“எனக்கு மட்டும் பதினோரு மிளகு! இவளுக்கு நாலுதான்!”

திருப்போரூரிலிருந்து வரும் கேன்டீன் அக்கா அசரவில்லை. “அல்லாம் ஒரே குண்டான்தான் மேடம். நல்லாதான் கெளறிக்கீறேன். கரண்டில இன்னா மாட்டிச்சோ அதான் வரும். எண்ணியா போட முடியும்?”

மேடம் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார். அதில் ஆறு. என்னைப் பார்த்தார், பிறகு சிரித்துவிட்டார். “நம்ம கிருமியும் இதே கதைதான். உன்னைப் போய்த் திட்டினேன் பாரு. நோட்டை எடுத்து வை, வரேன்.”

நான் ஓடிப்போய் ரப்பரால் தேய்த்துவிட்டு, பேனாவால் இரண்டு, எட்டு, ஏழு என்று எழுதினேன். தேய்த்த இடத்தில் தாள் மெலிந்துபோயிருந்தது. மேடத்தின் விரல் அங்கே வந்து நின்றது. தாளைத் தடவிப் பார்த்தார். பிறகு பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த மாதம் வேலைக் கடிதத்திலும் போட்டார். கேன்டீன் அக்காவுக்கு ஸ்வீட் கொடுத்து நன்றி சொன்னேன். “நா இன்னா பண்ணேன்?” என்று கேட்டபடியே வாயில் போட்டுக்கொண்டார். பென்சிலால் எழுதிய அந்த ஆறு, ஐந்து, ஆறு பற்றி மேடத்திடம் இன்னும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு என் நோட்டில் நான் பென்சிலால் எழுதியதே இல்லை.